கடிக்காத ஷூ

சென்ற சனிக்கிழமை பூங்காவில் பஸ் டிரைவர் வழுக்கி விழுந்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். பழியை மட்டும் ஷூ ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்யும்? முன்பக்கம் தையல் விட்டு, ஒட்டுப் பிரிந்து, ஆவென்று கிடந்த ஷூ அது. இதைப் போட்டுக்கொண்டு ஆடினால் யார்தான் விழமாட்டார்கள் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். மாப்பிள்ளை அதற்கு மேல் ஒரு பாட்டம் பேசினார். டிரைவரும் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். வருகிற ஞாயிறு காலை இறுதி ஆட்டம், அதற்குள் புது ஷூ வாங்கிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

வீட்டில் ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மகள். பெண்ணுக்கு இவ்வளவு அழுத்தம் ஆகாது என்று வாசகர்கள் சிலர் கோபித்துக்கொள்ளலாம். அவள் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். பிளந்து கிடந்தது இடது ஷூ. அப்பா வழுக்கியதோ வலது காலில்.

இது புரிய அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்க் கோல்ஃப் என்று பேர். மட்டை கிடையாது, பந்து கிடையாது. கையகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய, கனமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றைச் சுழற்றி வீச வேண்டும். தூரத்தில் ஒரு கம்பம், அதில் தொங்கும் சங்கிலிகள், அடியில் ஒரு கூடை. தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தால் சரி. விழாவிட்டால், அது போய்க் கிடக்கும் இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். மரம், மேடு, சேறு, ஈரப் புல் என்று காலை முழுக்க நடைதான்.

வலது கைக்காரர் சிமென்ட் மேடையில் சின்னதாக ஓடி வந்து, வலது காலை ஊன்றி, அந்தக் காலின் மேல் உடம்பையே திருகி விசிறுவார். இடது கால் பின்னால் நுனி தரையில் உரச இழுபட்டுக்கொண்டு வரும். அதனால்தான் இந்த ஆட்டக்காரர்களுக்கெல்லாம் இடது ஷூவின் மூக்கு முதலில் போய்விடுகிறது. டிரைவருடைய வலது ஷூ நன்றாகத்தான் இருந்தது. மகள் அதன் அடியைத் திருப்பிப் பார்த்தாள். பிடிப்புப் பள்ளங்கள் தேயவே இல்லை. அதை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்படியானால் கோளாறு ஷூவிலா, காலிலா என்ற கேள்வி மட்டும் வாரம் முழுக்க அவளோடு வேலைக்குப் போய்விட்டு வந்தது.

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். பதில் சொல்பவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, கூச்சம். தெரியவில்லை என்றால் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று, தெரியாத எழுத்தையும் தெரிகிறது என்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அவள் பவரே இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டு, இப்போது எப்படி என்று கேட்பாள். பிரமாதம் என்று பதில் வந்தால் சோதனையை முதலிலிருந்து தொடங்குவாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூவரும் கடைக்குக் கிளம்பினார்கள். அம்மா வரவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு அன்று பாத்திரங்களையெல்லாம் இறக்கித் தேய்க்கிற நாள். வேலைக்குப் போகும்போது ஒரு ஜோடி தடித்த காலுறையை மகள் கையில் திணித்து, இதைப் போட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகு இறுக்குகிறது, கடிக்கிறது என்பார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா எந்தச் செருப்பையாவது கடிக்கிறது என்று சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று மகள் யோசித்துப் பார்த்தாள். முன்பெல்லாம் புதுச் செருப்பு வாங்கினால் வீட்டையே இரண்டாக்குவார். அந்தப் புலம்பல் எப்போது நின்றது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஷூ கடை நீளமாக, குறுகலாக, புது ரப்பர் வாசனையோடு இருந்தது. நடந்து பார்ப்பதற்கென்று ஒரு ஓரத்தில் சின்னச் சரிவு மேடை போட்டு அதன்மேல் பச்சைப் புல் விரிப்பை ஒட்டியிருந்தார்கள். விற்கிற பெண் தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, என்ன ஷூ, எதற்கு என்று கேட்டாள். பதில் சொல்ல மாப்பிள்ளை தயாராக வந்திருந்தார்.

மாப்பிள்ளை பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுப்பவர். ஒரு வாளி வாங்குவதற்கே ஒரு வாரம் படிக்கிற மனுஷன். ஷூ என்றால் கேட்க வேண்டுமா? முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும், விரல்கள் விரிய இடம் வேண்டும் என்றார். ஷூவை மடக்கினால் விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டுமே தவிர நடுவில் மடங்கக் கூடாது, துண்டைப் பிழிகிற மாதிரி முறுக்கினால் சுலபத்தில் முறுக்கிக்கொள்ளக் கூடாது, மூக்கில் ரப்பர் கவசம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் இதுவும் வாயைப் பிளக்கும். அடியில் பிடிப்பு வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும். பிடிப்பு அதிகமானால் கால் நின்றுவிடும், உடம்பு திரும்பிவிடும், நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாருக்கு என்ன சைஸ் என்று கேட்டாள். அதை மட்டும் மாப்பிள்ளை படித்துவிட்டு வரவில்லை.

முதலில் வந்தது ஓடுகிறவர்களுக்கான ஷூ. இறகு போல லேசு, அடியில் மெத்தை. டிரைவர் போட்டுக்கொண்டு மேடையில் ஏறி இறங்கி, கையில் இல்லாத தட்டை வீசிக் காட்டினார். "சூப்பர்" என்றார். ஆனால் திருகும்போது கால் ஷூவைத் தாண்டிப் பக்கவாட்டில் சரிவதை மாப்பிள்ளையே பார்த்துவிட்டார். இது நேராக ஓடுவதற்குத்தான் சரி, நமக்கு ஆகாது என்று ஒதுக்கினார்.

அடுத்தது கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ். தண்ணீர் புகாது. காலை ஈரப் புல்லில் நடக்க நல்லதுதான், ஆனால் உள்ளே வேர்க்கிற வேர்வையும் வெளியே போகாது. ஊறிப்போன தோலில் கொப்புளம் எழும் என்று மாப்பிள்ளை சொன்னார். கனமும் ஜாஸ்தி. டிரைவர் அதையும் போட்டு நடந்தார். அதற்கும் சூப்பர்தான்.

மகள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேசான ஷூவுக்கும் கனமான பூட்ஸுக்கும் ஒரே முகம். அவள் கடையில் எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் தெளிவு என்று சொல்லிவிட்டு, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று உட்கார்ந்திருப்பவர்களின் முகம் அது.

மூன்றாவதாக மலைப்பாதையில் நடப்பவர்களுக்கான ஷூவைக் கொண்டுவந்தாள் அந்தப் பெண். கணுக்காலுக்குக் கீழேயே முடிகிறது, மூக்கில் ரப்பர் கவசம், அடியில் ஆழமான பள்ளங்கள், முன்பக்கம் அகலம். மாப்பிள்ளை மடக்கினார், முறுக்கினார், குதிகாலை அமுக்கினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. டிரைவர் அம்மா கொடுத்த தடித்த காலுறையோடு கால்களை உள்ளே திணித்தார். நன்றாகத் திணிக்க வேண்டியிருந்தது. எழுந்து நின்றதும் இதுவரை வராத ஒரு சந்தோஷம் அவர் முகத்தில் வந்தது.

"இதுதான். இத பேக் பண்ணிடும்மா" என்றார். "இதுல கால் இருக்கறது தெரியுது."

மகள் நிமிர்ந்தாள். மாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. குனிந்து ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தவர், ஒரு இம்மி இடமில்லை, ஒரு சைஸ் சின்னது, நடந்தால் நகம் கறுத்துவிடும் என்று சொல்லிவிட்டார். டிரைவர் கேட்பதாயில்லை. இறுக்கமாகப் பிடித்தால்தான் காலுக்கு நல்லது என்று வாதாடினார். கடைசியில் அந்தப் பெண் பெரிய சைஸைக் கொண்டுவர, மாப்பிள்ளையின் மனதுக்காக அதையும் போட்டுக்கொண்டு கண்ணாடி வரைக்கும் போய் வந்தார். மேடையில் ஏறினார். வலது காலை ஊன்றித் திரும்பினார். சரி, இதுவும் வசதியாகத்தான் இருக்கிறது, உங்கள் இஷ்டப்படி இதையே வாங்கிவிடுவோம் என்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

வலது ஷூவைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒரு காகிதப் பந்து விழுந்தது. ஷூ நசுங்காமலிருக்க மூக்கில் அடைத்து வைக்கும் காகிதம். அந்தப் பெண் எடுக்க மறந்திருக்கிறாள். பந்து என்று சொல்லக் கூடாது, சப்பையாக நசுங்கிப்போயிருந்தது. அதன் நடுவில் கட்டைவிரலின் பள்ளம் பதிந்திருந்தது.

அந்தப் பெண் பதறி மன்னிப்புக் கேட்டாள். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். காகிதத்தோடேயே இவ்வளவு வசதி என்றால் காகிதம் இல்லாமல் மாமா பறந்துவிடுவார் என்றார். டிரைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மகள் சிரிக்கிறாளா என்று ஓரக் கண்ணால் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தைக் குனிந்து எடுத்தவள் கீழே போடவும் இல்லை.

பெரிய சைஸையே வாங்கினார்கள். நாளை ஆட்டத்துக்குள் பழக வேண்டும் என்று டிரைவர் அதைக் காலில் போட்டுக்கொண்டே கிளம்பினார்.

கார் மாப்பிள்ளையுடையதுதான். ஆனாலும் ஓட்டுவது மாமனார். இத்தனை வருஷம் நகரப் பேருந்து ஓட்டுகிறவர் பக்கத்தில் இருக்கும்போது மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். வழக்கமாக மாப்பிள்ளை முன்னால் உட்காருவார். இன்றைக்கு மகள் அவரைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறினாள்.

அவள் சாலையைப் பார்க்கவில்லை. அப்பாவின் வலது காலைப் பார்த்தாள்.

முதல் சிக்னலில் கார் நின்றது. நிற்பதற்கு முன் அப்பாவின் பார்வை ஒரு கணம் கீழே போய் மேலே வந்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான். சின்ன வயசில் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பேருந்தில் போயிருக்கிறாள். அவர் கீழே பார்த்து அவள் பார்த்ததே இல்லை. பிரேக் எங்கே இருக்கிறது என்று டிரைவர் எதற்குத் தேட வேண்டும்? இரண்டாவது சிக்னலிலும் பார்வை கீழே போனது. பின்னால் மாப்பிள்ளை நாளைய ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எதிரணி சலவைக்கடை அண்ணன் தம்பி. போன வருஷமும் மாமனாரும் மாப்பிள்ளையும் ஜோடியாக ஆடி அவர்களிடம்தான் தோற்றார்கள். இந்த வருஷம் அவர்களைச் சும்மா விடுவதில்லை என்றார்.

மார்க்கெட் திருப்பத்தில் ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வெள்ளைக் கோடுகளில் இறங்கினாள். அவசரமில்லை, தூரமாகத்தான் இருந்தாள். டிரைவர் காலை மாற்றினார். கார் வேகம் குறையவில்லை. மறுபடி கால் தேடியது. அப்புறம் ஒரேயடியாக அழுந்தி, கார் குலுங்கி, கோட்டைத் தாண்டி நின்றது. அந்தப் பெண் வண்டியை மார்போடு இழுத்துக்கொண்டு முறைத்துவிட்டுப் போனாள்.

"புது ஷூ மாமா, பழகணும்" என்றார் மாப்பிள்ளை.

"ஆமாமா, அடி கொஞ்சம் தடிமனா இருக்கு" என்றார் டிரைவர்.

மறுபடி ஷூ. மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. காலில் இருக்கும் காகிதம் தெரியாதவருக்குக் காலுக்கு அடியில் இருக்கும் பிரேக் எப்படித் தெரியும்? இந்தக் காரில் மூன்று பேர். அவருடைய பேருந்தில் காலை வேளையில் நிற்க இடம் இருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டு வரைக்கும் நிற்பார்கள். வாய்விட்டுக் கேட்டுவிட்டால் அப்பாவிடமிருந்து அந்த வண்டியைப் பிடுங்குகிறவள் அவளாகத்தான் இருக்கும். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று இப்போதுதான் அந்தக் குழந்தை வண்டிக்குப் பக்கத்தில் பார்த்தாள். வீடு வரும்வரை அவள் கதவுக் கைப்பிடியை விடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை டீ போட அடுக்களைக்குப் போனார். டிரைவர் சோபாவில் சாய்ந்து ஷூவைக் கழற்றாமல் அழகு பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வலது காலக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க."

அவள் ஷூவைக் கழற்றி, காலுறையை உருவினாள். குதிகால் பக்கம் வந்ததும் அது ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மெல்ல இழுத்தாள். கொப்புளம் ஒன்று எழுந்து, உடைந்து, தோல் வழன்று, ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. இன்றைக்கு வந்ததல்ல, பல நாளாக இருக்கிறது. இழுத்த இழுப்பில் அது கசிந்தது. அப்பா முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. அவர் டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இது வலிக்கலியா?" என்று கேட்டாள்.

டிரைவர் குனிந்து பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இது எப்ப வந்துச்சு?" என்று அவளிடமே கேட்டார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை சாப்பிடுகிறார், கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அவர் சொல்வதை வைத்து வீடு நம்பிக்கொண்டிருந்தது. டெப்போவில் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்ப்பார். கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார். ஷூவைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

"கண்ண மூடுங்க" என்றாள் மகள்.

இங்கேயும் கடையை ஆரம்பித்துவிட்டாயா என்று அவர் கேலி செய்தார். எந்த விரலைத் தொடுகிறேன் என்று சொன்னால் போதும் என்றாள். அவர் சின்னப் பிள்ளை விளையாட்டுக்குச் சம்மதிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

அவள் சுண்டு விரலைத் தொட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நடு விரல் என்றார். அடுத்த விரலைக் கிள்ளினாள். பதில் வரவில்லை. தொடேன், ஏன் தாமதம் என்றார்.

வாசல் கதவு திறந்து அம்மா உள்ளே வந்தாள். கையில் பை, புடவையில் சோப்பு ஈரம். அப்பாவின் கால் மகள் மடியில் கிடப்பதையும் அவர் கண்ணை மூடியிருப்பதையும் பார்த்து ஏதோ கேட்க வந்தவள், மகளின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். மாப்பிள்ளை டீத் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றார்.

மகள் தன் இரண்டு கைகளையும் காலிலிருந்து எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு, "இப்ப?" என்றாள்.

"இது தெரியுது" என்றார் டிரைவர் உற்சாகமாக. "கட்டை விரல்."

சரிதானே என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் திறந்தார். மகளுடைய கைகளைத் தேடினார். அவை இருக்கிற இடத்தைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மகளுக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஒரு பெரிய மனுஷரை இப்படிப் பிடித்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அம்மா பையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு உங்க டியூட்டி ஷூவுக்குள்ள சோடா மூடி கெடந்துச்சே" என்றாள். "நாள் பூரா அதோடயா நடந்தீங்கன்னு கேட்டேன். தமாஷுக்குப் போட்டேன்னு சொன்னீங்க. நானும் சிரிச்சேன்."

டிரைவர் காலை மகளின் மடியிலிருந்து இறக்கிக்கொண்டார்.

"எவ்வளவு நாளாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"போன மழைக்கு முன்னாடியிருந்து" என்றார். "மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் மரத்துப்போச்சு. இப்ப அந்த மரமரப்பும் இல்ல. இறுக்கமா எதையாவது மாட்டினாத்தான் கால்னு ஒண்ணு இருக்கறதே தெரியுது. இடது பரவால்ல. வலதுதான்."

"பிரேக்க எப்படி மிதிக்கறீங்க?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். முட்டி எவ்வளவு நீளுகிறது என்று தெரியும் என்றார். பிரேக் காற்று விடுகிற சத்தத்தில் தெரியும் என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"உள்ளாற கண்ணாடி இருக்குல்ல. அதுல கம்பியப் புடிச்சு நிக்கறவங்களப் பாத்துக்குவேன். அவங்க முன்னாடி சாஞ்சா, நல்லா மிதிச்சிருக்கேன்னு அர்த்தம்."

மாப்பிள்ளை டீத் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நாளைக்கு ஆட்டம் வேண்டாம் மாமா, அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிடலாம் என்று முணுமுணுத்தார். ஆட்டம் கிடக்கட்டும் என்று டிரைவர் கையை அசைத்தார்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. பயந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும். இத்தனை மாதம் பக்கத்தில் படுத்திருந்தவளிடம் சொல்லத் தோன்றவில்லையா, ஊரான் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறீர்களே என்று கேட்டவள், பாதியில் நிறுத்திக்கொண்டு மருந்துப் பெட்டியை எடுக்கப் போனாள். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து அந்தக் குதிகாலைப் பஞ்சால் துடைத்தாள். அவருக்கு அந்தக் கையும் தெரிந்திருக்காது என்று மகள் நினைத்தாள். அதற்குமேல் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா வண்டிய வாங்கிப்பாங்க பாப்பா" என்றார் டிரைவர். மகளுக்குக் கல்யாணமாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். "டெப்போல ஒரு மேஜையப் போட்டு உக்கார வெப்பாங்க. போற வர வண்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அத நெனச்சாதான் எனக்கு..."

மகள் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டரிடம் போகலாம், இப்போதே பார்த்தால் இதற்கு மேல் கெடாமல் காப்பாற்றலாம், புண்ணை விட்டால்தான் ஆபத்து என்றாள். தான் சொல்வதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஆறுதல் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் திங்கட்கிழமை காலை டியூட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

அப்போது டீப்பாயின் மேல் இருந்த போன் அடித்தது.

டெப்போவில் டியூட்டி போடுகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் அவர் கூப்பிட்டால் ஒரே விஷயம்தான். யாரோ வரவில்லை, ஒரு டிரிப் ஆள் இல்லாமல் நிற்கிறது, நீங்கள் வர முடியுமா என்பார். டிரைவர் ஒரு நாளும் மாட்டேன் என்றதில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் கை கழுவிக்கொண்டு எழுந்து போயிருக்கிறார். "இதோ வந்துட்டேன்" என்ற வார்த்தை அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவர் அதைக் கையில் எடுத்தார். பச்சைப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அம்மா பஞ்சைப் பிடித்தபடி தலை நிமிரவில்லை. அவர் போனை மகளிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு பாப்பா. எனக்கு வாய் வரல."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் டெப்போவின் இரைச்சல். "அண்ணே, கெளம்பிட்டீங்களா?" என்று குரல் உரிமையோடு ஆரம்பித்தது. நான் அவருடைய மகள் பேசுகிறேன் என்றாள். அப்பாவால் இன்றைக்கு வர முடியாது என்றாள்.

அந்தப் பக்கம் ஆச்சரியம். அண்ணன் முடியாது என்று சொல்லி இதுவரை கேட்டதில்லையே, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். நல்ல மனுஷர். பரவாயில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அப்புறம் பதிவேட்டில் குறிக்கப் போகிறவர் போலச் சாதாரணமாகக் கேட்டார்.

"இன்னிக்கு மட்டுந்தானே?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். போனின் சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.